பூப்பனித் தோட்டத்துத் தேநீர்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அந்த மனிதன் வேறு யாருமல்லன், நாமே என்பதைக் கந்தப்பளையில் ஒரு குளிர்ந்த காலைப்பொழுதில் அறிந்துகொண்டோம்.

நாம் தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர்கள். பெரட்டுக்களத்துத் தப்பொலி கேட்டு விழித்து, கொழுந்து மடுவத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்கள். எமது தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஆயினும், தேநீருக்கென்று ஒரு தனிச்சுவை உண்டென்பதை நடுவயதைக் கடந்த பின்னரே நாம் அறிந்தோம். அதுவும், பியரைப் பற்றிப் பேசவந்த ஒரு நண்பரால் அறிந்தோம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

நண்பர் சொன்ன செய்தி

நம்முடன் படித்த அந்த நண்பர் நெடுங்காலமாக இலண்டனில் வாழ்பவர். விடுமுறைக்கு வந்தவர், அந்நாட்டிலே பெருகிவரும் சிறிய பியர் வடிசாலைகளைப் பற்றி ஓயாது பேசினார். பெருந்தொழிற்சாலைகள் எல்லாப் போத்தல்களுக்கும் ஒரே சுவையை ஊட்டிவிட்டன என்று சலிப்படைந்தவர்கள், 1971 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் ஒரு நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்களாம். அமெரிக்காவிலோ 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாக இருந்த வடிசாலைகள் இன்று பல ஆயிரமாகப் பெருகியுள்ளன. ஒருவர் தம் கையாலே சிறு அளவில் வடித்து, எந்தத் தானியம், எந்த நீர், எத்தனை நாள் என்பதைச் சொல்லி விற்கிறார்; குடிப்பவரும் அதைக் கேட்டறிந்து சுவைக்கிறார்.

மதுவின் பெருமையைப் பாடுவது நமது நோக்கமன்று. சம்பளநாள் மாலைகளில் லயங்களிலே நிகழ்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு அதில் மயக்கமும் இல்லை. எனினும், நமது மலைநாட்டுக்கும் பியருக்கும் பழைய உறவு உண்டென்பதை நண்பருக்கு நினைவூட்டினோம். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பிற்காலத்தில் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவிலே குடியேறி, 1849 இல் அங்கு ஒரு சிறு வடிசாலையை அமைத்தார். 1881 முதல் அத்தொழில் வணிக அளவில் அந்நகரில் நடைபெற்றது. நுவரெலியாக் குளிரும், ‘லவர்ஸ் லீப்’ அருவிப் பக்கத்து நீரும் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. 1990களின் இறுதியிலே உற்பத்தி பியகமைக்கு இடம்பெயர்ந்தது. இங்கு வடித்த கறுப்பு ஸ்டவுட்டைச் சுவைத்து உலகெங்கும் எடுத்துரைத்தவர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர்; பாடகர் அல்லர், பியரைப் பற்றியே நூல்கள் எழுதியவர்.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர் சிரித்தார். “பியரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே! உங்கள் தேயிலையைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்போம்” என்றார். அடுத்த நாட் காலையில் நம்மைக் கந்தப்பளைக்கு அழைத்துச் சென்றார்.

தொழிற்சாலை ஹோட்டலான கதை

கந்தப்பளை 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள சிற்றூர். மேற்கே நுவரெலியா, கிழக்கே உடப்புசல்லாவை என இரு புகழ்பெற்ற தேயிலைப் பிரதேசங்களுக்கு இடையில் அமைந்தது. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குறுகிய புகையிரதப் பாதை போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த அப்பாதை 1940களில் கைவிடப்பட்டது.

இவ்வூரின் குன்றொன்றின்மேல் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை பல மாடிகளுடன் நிற்கிறது. அத்தோட்டத்தைத் தொடங்கிய ஆங்கிலேயரின் பெயர் பிளவர்டியூ. நம்மவர் அப்பெயரின் பொருளை அறிந்து, பூவையும் பனியையும் சேர்த்து, தோட்டத்துக்குப் ‘பூப்பனி’ என்று பெயரிட்டார்கள் என்பது வழக்கு. எழுத்தறியாதவர் என்று எண்ணப்பட்டவர்கள் செய்த மொழிபெயர்ப்பு எத்துணை அழகியது!

எந்திரங்கள் ஓய்ந்து, பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்த அக்கட்டடம் 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிக் கூடங்கள் படுக்கையறைகளாகிவிட்டன. பக்கத்திலே ஒரு சிறு தொழிற்சாலையில், சுற்றியுள்ள செடிகளின் கொழுந்தைச் சிறிய அளவில் பக்குவப்படுத்துகிறார்கள்.

அங்கே நண்பர் மூன்று கோப்பைத் தேநீர் வருவித்தார். ஒன்று நுவரெலியா, ஒன்று திம்புளை, ஒன்று ஊவா. “எது எந்த மலை?” என்று கேட்டார். நாம் வழக்கம்போலச் சீனிக் கிண்ணத்தை எட்டினோம். நண்பர் நம் கையைப் பிடித்துத் தடுத்தார். சீனியின்றி ஒவ்வொரு வாய் அருந்தினோம். முதற்கோப்பை வெளிறிய பொன்னிறம், காட்டுப்பூவின் மணம். இரண்டாவது செம்மை ஏறியது, சற்றுத் திடமானது. மூன்றாவது நாவிலே ஒரு குளிர்ச்சியை விட்டுச் சென்றது. மூன்றும் தேயிலைதான், மூன்றும் வெவ்வேறு. எது எந்த மலை என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை.

வெட்கத்தால் தலைகுனிந்தோம். பிள்ளைப்பருவம் முதல் நாம் குடித்தது, தோட்டத்திலே மாதந்தோறும் அளந்து கொடுத்த தூள். கேத்தலிலே கொதிக்கவைத்து, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு குடித்த சாயத்தண்ணீர். பசியை அடக்கவும் குளிரை விரட்டவும் அது போதும். சுவையைப் பற்றி யாரும் நம்மிடம் பேசியதில்லை. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து கப்பலேறும். 1883 ஆம் ஆண்டு ஜூலையில் முதல் ஏலம் நடந்தது முதல் அதுதானே வழக்கம்!

கையினாலே பிறந்த தொழில்

வீடு திரும்பியதும் நமக்கு ஓர் ஆசை பிறந்தது. எமது வீட்டு வேலியோரமாகப் பத்துப் பன்னிரண்டு தேயிலைச் செடிகள் நிற்கின்றன. அவற்றின் கொழுந்தைக் கையாலே பக்குவப்படுத்தினால் என்ன?

இது பைத்தியக்கார எண்ணமன்று. இலங்கைத் தேயிலைத் தொழிலே கையிலும் வராந்தாவிலும் பிறந்ததுதான். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களா வராந்தாவில் மேசைகளின்மேல் கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். களிமண் அடுப்புகளில் கரிநெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளிலே உலர்த்தினார். உருட்டும் எந்திரத்துடன் தொழிற்சாலை அமைத்தது 1872 இல். அடுத்த ஆண்டு இலண்டனுக்கு அனுப்பியது வெறும் 23 இறாத்தல். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின்னரே தேயிலை மலைநாடெங்கும் பரவியது.

தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரை, மாமா என்று அழைப்போம், துணைக்கு அழைத்தோம். அவர் சொன்ன முறை மாணவர்களுக்கும் பயன்படுமாதலின் சுருக்கித் தருகிறோம்.

பறித்த கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி ஏறத்தாழப் பதினைந்து மணி நேரம் வாடவிட வேண்டும். ஈரம் குறைந்து, இலை ஒடியாமல் வளையும் பருவத்தில் உருட்ட வேண்டும். உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்படுகிறது. அச்சாறு இலையிலுள்ள நொதியங்களின் துணையால் காற்றின் ஒட்சிசனுடன் சேர்ந்து, பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. தொழிற்சாலையில் இதனைப் ‘புளிக்கவைத்தல்’ என்பார்கள். உண்மையில் இது புளிப்பன்று. பியரிலே மதுவம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை மதுசாரமாக்குகிறது, தேயிலையிலோ அத்தகைய நுண்ணுயிரின் வேலை இல்லை, நடப்பது ஒட்சியேற்றமே. உரிய மணம் எழுந்த கணத்தில் சூடு காட்டி அதை நிறுத்திவிட வேண்டும். சற்று முந்தினால் பச்சைவாடை. பிந்தினால் சுவை செத்துவிடும்.

“தம்பி, கடிகாரத்தைப் பார்க்காதீங்க, மூக்கை நம்புங்க” என்றார் மாமா.

முதல் முயற்சி படுதோல்வி. சுளகிலே வாட்டினோம், பாயிலே உருட்டினோம், தாச்சியில் இட்டு உலர்த்தும்போது விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. கிடைத்தது கருகிய சருகு. இரண்டாம் முறை நெருப்பைத் தணித்தோம். அரைக் கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ நூறு கிராம் தேயிலை தேறியது. நூல்போல் முறுகிய கரிய இலைகள்!

தாயாரின் தீர்ப்பு

முதற்கோப்பையை எமது தாயாரிடம் கொடுத்தோம்.

“சீனி போடலியாப்பா?”

“ஒரு வாய் அப்படியே குடிச்சுப் பாருங்கம்மா.”

குடித்தார். சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “இது எந்த ஊருத் தூளு?” என்று கேட்டார்.

“நம்ம வேலியோரத்துக் கொழுந்துதாம்மா.”

கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “நாப்பது வருசம் இதையா நான் கூடையில சுமந்தேன்?” என்றார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. நெற்றியிலே கூடைக்கயிறு பதித்த தழும்பை நாம் பார்த்திருக்கிறோம். மழையிலும் பனியிலும் கிலோக் கணக்கை நிரப்ப அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தக் கூடையில் இருந்தது இன்னதென்று அவர் நாவுக்கு ஒருவரும் காட்டவில்லையே என்பது அன்றுதான் நெஞ்சைத் தைத்தது.

ஆனால் தாயார் அத்துடன் நிற்கவில்லை. சாயம் இறங்கிய இலையை விரலால் எடுத்து விரித்துப் பார்த்தார். “ரெண்டாவது எலை முத்தல். நகத்தால கிள்ளியிருக்கீங்க. நாளைக்கு நான் பறிக்கிறேன்” என்றார். மறுநாட் காலை, பனி உலர்ந்தபின், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரே அளவாக, கசங்காமல் பறித்துவந்தார். அந்தக் கொழுந்திலே பிறந்த தேநீர், முன்னதைவிடப் பன்மடங்கு சிறந்திருந்தது. மாமா அதை உறிஞ்சிவிட்டு, “இதுல பாதி வேலை அக்கா கையில முடிஞ்சுபோச்சு” என்றார்.

நாம் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. தேயிலைக் கலையின் முதற்பாதி, பறிக்கும் விரல்களில் இருக்கிறது. ஆனால் அவ்விரல்களுக்குக் கூலி, நிறையைப் பார்த்தே கொடுக்கப்பட்டு வந்தது, நேர்த்தியைப் பார்த்தன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே பல ஆண்டுகள் போராடி, 2021 இல்தான் அதனை அடைந்தார்கள்.

வேறு வழி உண்டு என்பதற்கு ஊவாவிலே ஒரு சான்றுண்டு. எல்லைக்கு அண்மையிலுள்ள அம்பா தோட்டத்தில் கொழுந்தைக் கையாலே உருட்டிச் சிறிய அளவில் தேயிலை செய்கிறார்கள். நெல் குற்றும் உரலிலே இடித்துச் செய்யும் ஒரு வகைக்கு, உரலுக்குரிய சிங்களப் பெயரையே வைத்திருக்கிறார்கள். வருமானத்தில் பத்திலொரு பங்கு அங்கு வேலைசெய்வோருக்குப் பகிரப்படுகிறது. இலண்டனில் நண்பர் கண்ட சிறு வடிசாலைகளைப் போலவே இங்கும் செய்தவரின் கை மறைக்கப்படவில்லை; அதற்கு மதிப்பும் கிடைக்கிறது. மலைநாடு முழுவதும் நாளையே இவ்வாறு மாறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், வேலைதேடிக் கொழும்புக்கு ஓடும் நம் இளைஞர்கள், தம் பாட்டியின் விரல்களில் ஒரு கலை இருக்கிறது என்பதையாவது அறிந்து போகட்டுமே!

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலே நல்ல இலைத்தேயிலை ஒரு தேக்கரண்டி எடுத்து, கொதித்த நீர் ஒரு கோப்பை ஊற்றி, மூடி, நான்கு நிமிடம் பொறுங்கள். கேத்தலிலே போட்டுக் கொதிக்கவைக்க வேண்டாம். முதல் வாயை மட்டும் சீனியும் பாலும் இன்றி அருந்துங்கள். பின்னர் உங்கள் விருப்பம்.

வீட்டிலே கொழுந்து பறித்த முதியவர் ஒருவர் இருந்தால், முதற்கோப்பையை அவருக்குக் கொடுங்கள்.

எமது தாயார் இப்போது நாள்தோறும் மாலையில் சீனியில்லாத தேநீர் ஒரு கோப்பை அருந்துகிறார். “இன்னைக்கு வாட்டம் பத்தாது” என்று குறையும் சொல்கிறார். அவர் சொன்னால் அது சரியாகவே இருக்கிறது.