வழி சுருங்கினால் செலவு சுருங்கும்

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம்மவர் கேலியாகச் சொல்வதுண்டு. பேச்சில் அது வெறும் கேலியோடு போய்விடும். சரக்குப் பட்டுவாடாத் தொழிலிலோ அது ஒவ்வொரு நாளும் பெட்ரோலாகவும் கூலியாகவும் நேரமாகவும் கரைந்து போகும் பணமாகும். இன்று நம் வீடுகளில் அரிசி முதல் மருந்து வரை வாசலுக்கே வந்து சேருகிறது. அவற்றைக் கொண்டுவரும் கம்பெனிகள் எவ்வாறு செலவைக் குறைக்கின்றன, அந்த வித்தை நமக்கும் பயன்படுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் சரக்கு வண்டியில் ஆயிரக்கணக்கான மூட்டைகள் ஒரே செலவைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகையால் மூட்டை ஒன்றுக்கு விழும் பங்கு சிறிது. ஆனால் நிலையத்தை விட்டு இறங்கியபின், ஒரு பொட்டலத்திற்காக ஓர் ஆளும் ஒரு வண்டியும் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது. நெடுந்தூரத்தைவிடக் கடைசிச் சில மைல்களே விகிதத்தில் அதிகச் செலவு வைப்பவை. கம்பெனிகள் வழித் திட்டத்திற்கு இவ்வளவு முக்கியத்துவம் அளிப்பதன் காரணம் இதுவே.

கணக்கு ஏன் கடினமாயிற்று?

தாராவியிலிருந்து ஒரு டெம்போ புறப்படுவதாகக் கொள்வோம். செம்பூர், மாதுங்கா, காட்கோபர், சயான் ஆகிய நான்கு இடங்களில் சரக்கு இறக்க வேண்டும். ஆர்டர் வந்த வரிசையிலேயே ஓட்டினால், செம்பூர் செல்லும்போது சயானைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து மாதுங்காவுக்குத் திரும்பும்போது மறுபடியும் தாண்ட வேண்டும். காட்கோபருக்குப் போகும்போது மூன்றாம் முறையும் தாண்ட வேண்டும். சயானுக்குரிய மூட்டை வண்டியிலேயே கிடந்து, நான்காம் முறை வரும்போதுதான் இறங்கும்! மாதுங்கா, சயான், செம்பூர், காட்கோபர் என்று வரிசையை மாற்றினால், குர்லா வழியாக ஒரே வட்டத்தில் வீடு திரும்பலாம். வண்டியும் அதுவே, ஓட்டுநரும் அவரே. வரிசை ஒன்றுதான் வேறு.

நான்கு இடங்களானால் மனக்கணக்குப் போதும். பத்து இடங்களாயின் அவற்றை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். பதினைந்து இடங்களாயின் அவ்வெண் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டிவிடும். மனிதன் எண்ணிப் பார்த்து முடிக்கக் கூடிய காரியமன்று. 1959-ஆம் ஆண்டு ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்னும் இருவர், பெட்ரோல் லாரிகள் ஒரு கிடங்கிலிருந்து பல விற்பனை நிலையங்களுக்கு எவ்வாறு சென்று வர வேண்டும் என்னும் கேள்வியைக் கணித முறையில் எழுப்பினர். இன்றைய வழித் திட்டக் கணிப்பொறி முறைகளெல்லாம் அந்த வித்திலிருந்து கிளைத்தவையே.

வர்ணத்தால் எழுதிய திட்டம்

ஆனால் கணிப்பொறி பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே இந்நகரில் ஒரு வழித் திட்டம் நடந்து வந்தது. டப்பாவாலாக்களின் தொழிலைத்தான் சொல்கிறேன். 1890-இல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் தொடங்கியதாகக் கூறப்படும் இத்தொழிலில், 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக்கு முன்னர் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் நாள்தோறும் இரண்டு லட்சம் டப்பாக்கள் வரை சுமந்தனர். லோக்கல் ரயில் நின்ற அந்நாளில் அவர்கள் தொழிலும் நின்றது. பின்னர் மீண்டும் தொடங்கியபோதும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

அவர்கள் முறை என்ன? டப்பாவின் மூடியில் சில எழுத்துக்களும் எண்களும் தீட்டப்பட்டிருக்கும். புறப்படும் பேட்டை, சேரும் பகுதி, கட்டடம், மாடி ஆகிய யாவும் அக்குறியில் அடக்கம். காலையில் ஒருவர் சைக்கிளில் தம் பேட்டை டப்பாக்களைத் திரட்டி நிலையத்திற்குக் கொண்டு வருவார். அங்கே சேரிடத்தின்படி அவை பிரிக்கப்படும், ரயிலில் ஏறும், தாதர் போன்ற சந்திப்புகளில் கைமாறும், நண்பகலுக்குள் சேர வேண்டிய மேஜையை அடையும். எந்த மனிதரும் தம் டப்பாவுக்காக நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவதில்லை. ஒரே பேட்டைக்குரியவற்றை ஒன்றுசேர்த்துச் சுமப்பதும், நெடுந்தூரத்தை ரயிலிடம் விடுவதும், வெறுங்கையோடு நடப்பதைத் தவிர்ப்பதுமே அவர்கள் சிக்கனத்தின் மூன்று தூண்கள். 2010-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்முறையைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதி வைத்தது.

தபால் இலாகாவின் பின்கோடும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1972 ஆகஸ்டு 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. தாராவிக்கு 400017, மாதுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தை மும்பைக்குக் கொண்டுவரும். கடைசி மூன்றும் உரிய தபாலகத்தைக் காட்டும். படிக்கத் தெரியாத பாஷையில் விலாசம் இருந்தாலும் எண் வழிகாட்டிவிடும்.

கடல் கடந்த அனுபவம்

அமெரிக்காவின் யு.பி.எஸ். என்னும் பொட்டலக் கம்பெனி, ஓட்டுநர் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு மைல் குறைவாக ஓட்டினால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் மிச்சம் என்று கணக்கிட்டது. 'ஓரியன்' என்னும் தன் கணிப்பொறித் திட்டத்தை 2016-க்குள் ஏறத்தாழ 55,000 வழிகளில் பரப்பியது. அதனால் ஆண்டுக்குப் பத்துக் கோடி மைல் ஓட்டமும் ஒரு கோடி காலன் எரிபொருளும் குறைவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால், எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்துத் திரும்பும் இடப்புறத் திருப்பங்களைக் கூடியவரை தவிர்த்தனர். நம் நாட்டில் அதே விதி வலப்புறத் திருப்பத்திற்குப் பொருந்தும்.

இதற்குப் பெருமுதல் வேண்டுமென்று எண்ண வேண்டாம். அட்லாண்டா நகரில் முதியோருக்கு வீடு தேடி உணவளித்த ஒரு தர்ம ஸ்தாபனம், 1980-களின் தொடக்கத்தில் கணிப்பொறி எதுவுமின்றி வழி வகுத்தது. பேராசிரியர்கள் சிலர் படத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அட்டைகளில் எழுதி அடுக்கித் தந்தனர். எண் வரிசையில் சென்றால் போதும். பாதை தானே அமைந்துவிடும்.

யந்திரத்திற்குத் தெரியாதவை

எனினும் யந்திரத்தின் அறிவு அதற்கு நாம் ஊட்டிய செய்தியின் அளவே. 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலம் புதிதாகக் கட்டுவதற்கென மூடப்பட்டது. அத்தகைய செய்தியை உடனுக்குடன் அறியாத திட்டம், காகிதத்தில் குறுக்கு வழியாகவும் தெருவில் முட்டுச் சந்தாகவும் முடியும். மழை நாளில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முழங்கால் நீர் நிற்பது அங்கே வாழ்வோர் அறிந்தது. தாராவியின் சந்துகளில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும் தூரமும், ஏணிப்படி ஏறும் நேரமும் படத்தில் தெரிவதில்லை. இக்குறையைத் தீர்க்கும் முயற்சியாகத் தபால் இலாகா 2025-இல் 'டிஜிபின்' என்னும் பத்து இலக்கக் குறியை வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்திற்கு ஒரு குறி என்பதால், கதவெண் இல்லாத வீட்டுக்கும் ஒரு விலாசம் கிடைக்கிறது.

மிச்சம் யாருக்கு?

இனி நாம் சிந்திக்க வேண்டிய முக்கியமான விஷயத்திற்கு வருவோம். டப்பாவாலாக்களிடையே ஒரு குழுவினர் தம் வரும்படியைப் பெரும்பாலும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். அவர்கள் சுருக்கிய வழியின் லாபம் அவ்வழியில் நடந்த கால்களுக்கே சேருகிறது. ஆனால் கைப்பேசியின் கட்டளைப்படி மோட்டார் சைக்கிளில் பறக்கும் நம் இளைஞர்களுக்கு நிலைமை வேறு. பலர் வண்டியும் பெட்ரோலும் தம்முடையதாக, பட்டுவாடா ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். வழி சுருங்கியதால் பெட்ரோல் மிஞ்சுவது உண்மையே. ஆனால் தூரத்தை அளந்து கூலியும் குறைக்கப்பட்டால், மிஞ்சிய நேரத்தில் மேலும் பத்து மாடி ஏறுவது ஒன்றே அவர்களுக்குக் கிடைத்த பங்காகும்.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளரை முதன்முறையாகச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறித்தது. 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இவர்கள் நலனுக்கெனச் செலுத்த அதில் விதி உண்டு. ஆகையால் இத்தொழிலில் உள்ள நம் பிள்ளைகள் அரசின் இ-சிரம் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்ப்பது அவசியம். நாள்தோறும் ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், பெற்ற கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வருவதும் நன்று. கணக்கு கையில் இல்லாதவன் கூலி பேச முடியாது.

தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து அனுப்புவோரும், முறுக்கும் தோல் பையும் செய்து கடைகளுக்குப் போடுவோரும் இவ்வித்தையை இன்றே கைக்கொள்ளலாம். ஆர்டர் வந்த உடனே ஓடாமல், பேட்டைவாரியாகப் பிரித்து, செம்பூருக்கு ஒரு நாள், மாதுங்காவுக்கு ஒரு நாள் என வகுத்துக் கொள்க. அக்கம்பக்கத்து மூவர் ஒரே டெம்போவைப் பங்கிட்டுக் கொள்க. விலாசத்தில் பின்கோடும் அருகிலுள்ள அடையாளமும் தவறாமல் எழுதுக. கணிப்பொறி செய்வதும் இதையேதான். வேகம் ஒன்றே அதன் தனிச்சிறப்பு. வழியைச் சுருக்கும் அறிவு கம்பெனிகளோடு நின்றுவிடாமல், அவ்வழியில் நடப்பவர் வீட்டு அடுப்பங்கரைக்கும் வந்து சேரட்டும்.