தரையோடு தரையாக ஒரு பிடிப்பு

பழைய வீடுகளின் முற்றத்தில் நெல் குத்தும் உரல் பதித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் மட்டும் தரை மட்டத்தில் தெரியும். உடல் முழுவதும் மண்ணுக்குள் இருக்கும். உலக்கை எவ்வளவு வேகமாக இறங்கினாலும் உரல் அசையாது. யாரும் அதில் தடுக்கி விழுவதுமில்லை. வீட்டுப் பட்டறையில் ஓர் எந்திரத்தைத் தரையோடு பிணைக்க நினைப்பவருக்கும் இவ்விரண்டுமே தேவை: அசையவும் கூடாது, தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

ஆற்காட்டுக்குத் தென்கிழக்கேயுள்ள கலவையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்துக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, ஏர்க் கருவிகள் எல்லாம் பழுது பார்க்கிறார்கள். அங்கே இரும்புத் தாங்கியின் மேல் ஒரு வைஸ் இருக்கிறது. துருப்பிடித்த குழாயை அதில் கவ்வி முறுக்கினால் தாங்கியே சாய்கிறது. அதைத் தரையோடு முடுக்க வேண்டும். ஆனால் மாலையானால் வண்டியை உள்ளே நிறுத்த வேண்டுமே! அப்போது தாங்கியைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடுவார்கள். தரையில் போல்ட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் டயர் கிழியும், கால் இடறும். ஆகவே மரை தரைக்குள் இருக்க வேண்டும். போல்ட்டை மேலிருந்து திருகி எடுக்க முடிய வேண்டும்.

எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று முதலில் கணக்கிடுவோம். உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த திருப்புத்திறன் இதற்குப் போதும். வைஸின் உயரம் 90 செ.மீ. அதைக் கிடையாக 30 கி.கி. எடைக்குச் சமமான விசையோடு இழுக்கிறீர்கள். திருப்புத்திறன் 30 × 90 = 2700. தாங்கியின் எடை 20 கி.கி.; அது அடித்தட்டின் நடுவில், விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளிச் செயல்பட்டு 300 அளவுக்கு எதிர்க்கிறது. மீதி 2400. சாயும் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தொலைவில் உள்ள பின்பக்க போல்ட்டுகள் இதைத் தாங்க வேண்டும் என்றால், அவற்றின் மேல் இழுப்பு 2400 ÷ 30 = 80 கி.கி. நீங்கள் கொடுத்தது 30, தரைக்குப் போய்ச் சேர்ந்தது 80! நெம்புகோல் நமக்கு உதவுவது போலவே நமக்கு எதிராகவும் வேலை செய்யும்.

கடையில் கிடைக்கும் விரிவு உறை இதற்காகவே செய்யப்பட்டது. அது உள்ளே மரை வெட்டிய ஒரு சிறு எஃகுக் குழாய். அடிப்பகுதி பிளந்திருக்கும், உள்ளே ஒரு கூம்பு ஆப்பு இருக்கும். தரையில் துளையிட்டு உறையை இறக்கி, ஓர் உளியால் ஆப்பைத் தட்டினால் அடிப்பகுதி விரிந்து துளையின் சுவரை நெருக்கும். மண்வெட்டிக் காம்பின் தலையில் ஆப்பு அடிக்கிறோமே, அதே தத்துவம்தான். 10 மி.மீ. போல்ட்டுக்கான உறை பெரும்பாலும் 40 மி.மீ. நீளமும் 12 மி.மீ. விட்டமும் உடையது. துளைக்குள் நெருக்கிப் பிடிக்கும் இந்த யோசனை பழையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவர் சிதையாமல் மின் சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரால் ஆன அடைப்பான் ஒன்றைச் செய்தார். ஜெர்மனியின் ஆர்த்தூர் ஃபிஷர் 1958-இல் அதையே நைலானில் செய்தார். இன்று சுவரில் படம் மாட்டும்போது நாம் செருகுவது அதன் வாரிசைத்தான்.

இந்த உறை எப்படித் தோற்கிறது தெரியுமா? பெரும்பாலும் எஃகு அறுவதில்லை. கான்கிரீட்தான் ஒரு கூம்பாகப் பெயர்ந்து வருகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கூம்பின் வாய், உறையின் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் எல்லாப் பக்கமும் பரவும். எனவே 4 செ.மீ. ஆழ உறையைத் தரையின் ஓரத்திலிருந்து 6 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு உறைகளுக்கு நடுவே 12 செ.மீ.யாவது இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு கூம்புகளும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டுமே நலிந்துவிடும். ஆழத்தை இருமடங்காக்கினால் பிடிப்பு இருமடங்கு அல்ல, ஏறக்குறைய 2.8 மடங்கு உயரும்.

இதெல்லாம் தரை கெட்டியான கான்கிரீட்டாக இருந்தால்தான். நம் வீடுகளில் சிக்கலே இங்குதான். மேலே வழவழப்பாகத் தெரிவது இரண்டு செ.மீ.கூட இல்லாத சிமெண்ட் பூச்சு. அதன் கீழே செங்கல் ஜல்லியோ, சிமெண்ட் குறைந்த கலவையோ கிடக்கும். அதற்குள் ஆப்பை விரித்தால் அது மண்ணைத்தான் நெருக்கும். முடுக்கும்போதே கையோடு வந்துவிடும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒதுக்குப்புறமாக ஒரு சிறு துளை போட்டு வெளிவரும் தூளைப் பாருங்கள். பூச்சைத் தாண்டியதும் தூள் சிவந்தால் அது செங்கல். துளைப்பான் திடீரென்று 'பொதுக்' என்று இறங்கினால் நிரப்பிய மண். பத்து செ.மீ. வரை சாம்பல் நிறத் தூளே வந்தால்தான் விரிவு உறையைப் பற்றி யோசிக்கலாம்.

சிவப்புத் தூள் வந்தால்? உரலைப் பதித்தவர்களின் வழிக்கே போக வேண்டியதுதான். 45 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி வெட்டிக் கான்கிரீட் நிரப்பினால் அந்தக் கட்டி சுமார் 219 கி.கி. எடையுள்ளது. சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பைச் சேர்க்காமலேயே அது சாயாமல் நிற்குமா? கட்டியின் அடி விளிம்பிலிருந்து பார்த்தால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 30 × 135 = 4050. கட்டியின் எடை மட்டும் எதிர்ப்பது 219 × 22.5, அதாவது 4900-க்கும் மேல். நிற்கும். 30 செ.மீ. கட்டிக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடை 65 கி.கி.தான், மண் உதவாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

கலவையில் இருந்துகொண்டு கலவையைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா! ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு கருங்கல் ஜல்லி. இந்தக் குழிக்கு முக்கால் மூட்டை சிமெண்ட் ஆகும். தண்ணீர் சிமெண்ட் எடையில் பாதியைத் தாண்ட வேண்டாம். கொத்தனார்கள் வேலை எளிதாக இருக்க இன்னும் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தண்ணீர் உப்புக் கரிக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். பச்சைத் தோலை அழுகாமல் காப்பது உப்பு. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களில் பல கிணறுகள் உப்பேறிக் கிடக்கின்றன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த மாசைப் பற்றித்தான். உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் எஃகைக் காக்கும் மெல்லிய படலத்தை அழிக்கும். துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு அதிகம். அது பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

இனி வேலை. தாங்கியின் நான்கு துளைகளையும் ஒரு பலகையில் அப்படியே குறித்துத் துளையிடுங்கள். நீண்ட நட்டு நான்கை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு போல்ட்டை முடுக்குங்கள். போல்ட்டின் கீழ்த்தலையில் ஒரு சதுர இரும்புத் தகடு இருக்கட்டும். கூம்பு பெயராமல் பிடிப்பது அந்தத் தகடுதான். மேலிருந்து கிரீஸ் தடவிய திருகாணிகளால் நட்டுகளைப் பலகையின் அடியில் இழுத்துக் கட்டி, குழிக்கு மேல் பலகையை மட்டமாக வையுங்கள். பலகை தரையில் படிந்திருந்தால் நட்டின் வாய் தானாகவே தரை மட்டத்தில் அமையும். கான்கிரீட்டைக் கம்பியால் குத்திக் குத்தி நிரப்புங்கள். சித்திரை வெயிலில் ஈரச் சாக்கு போடாமல் விட்டால் மேற்பரப்பு வெடிக்கும். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும்; வைஸில் தொங்க 28 நாள் பொறுங்கள்.

கெட்டியான கான்கிரீட் தரை உள்ளவர்கள் பிசின் ஊற்றிப் போல்ட்டை ஒட்டவும் செய்யலாம். ஆனால் துளையில் தூள் இருந்தால் பிசின் தூளோடுதான் ஒட்டும், கல்லோடு ஒட்டாது. தூரிகையும் காற்றும் கொண்டு நன்றாகத் துடைக்க வேண்டும். பிசினின் வகையும் முக்கியம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், 2006 ஜூலை 10 அன்று கூரையிலிருந்து கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண்மணி இறந்தார். போல்ட் அறவில்லை. ஓயாத பாரத்தில் பிசின் மெல்ல மெல்ல நீண்டு, போல்ட் நழுவியிருந்தது. போட்ட அன்றைக்கு இழுத்துப் பார்த்தது, பல ஆண்டுப் பாரத்துக்குச் சான்றாகவில்லை.

துளையிடும்போது கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் தூள் நுரையீரலுக்குக் கேடு. தாங்கியைக் கழற்றிய பின் ஒவ்வொரு நட்டின் வாயிலும் கிரீஸ் தடவிய குட்டைத் திருகாணி ஒன்றைப் போட்டு மூடுங்கள். மறந்தால் அடுத்த மழைக்குள் மண்ணும் துருவும் மரையை நிரப்பியிருக்கும்.