கப்பலேறும் பவர்பேங்க்

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சில கிலோமீட்டர் போனால் தும்பா வந்துவிடும். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய ஊர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் விண்வெளிப் பயன்பாட்டுக்கென லித்தியம் அயான் மின்கலங்களை உருவாக்கியதும், 2018 ஜூனில் அந்தத் தொழில்நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்கு இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குத் தர இஸ்ரோ முன்வந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விண்வெளிக்குப் போகும் மின்கலத்தைச் சும்மா அனுப்பிவிடமாட்டார்கள். அளவுக்கு மீறி மின்னேற்றினால் என்னாகும், இரு முனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் என்னாகும் என்றெல்லாம் அதைப் படுத்தியெடுத்துப் பார்த்த பிறகுதான் அனுமதி. 1990-இல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க் மென்பொருள் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் முதுகுப்பையில் பவர்பேங்க் என்ற பெயரில் கிடப்பதும் அதே குடும்பத்து மின்கலம்தான். அதை யார் சோதித்தார்கள், எந்த அளவுக்குச் சோதித்தார்கள் என்று கடையில் கேட்பவர்கள் குறைவு. மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்து, கொச்சியில் போய்ச் சொகுசுக் கப்பல் ஏறலாம் என்று குடும்பம் முடிவெடுத்தால், அந்தப் பையோடு அதுவும் கப்பலேறுகிறது.

கப்பலில் பவர்பேங்க் அனுமதியா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதற்கு எங்கே, எப்போது சார்ஜ் போடப்போகிறோம்? பவர்பேங்கை எடுத்துப்போவதில் உள்ள ஆபத்து சிறியது. எல்லோரும் தூங்கும் நேரத்தில், மூடிய கேபினுக்குள், அதைப் பிளக்கில் மாட்டி வைப்பதுதான் விலக்க வேண்டிய ஆபத்து. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் சார்ஜ் போடுவது அப்படித்தான். படுக்கப்போகும்போது மாட்டுவது, விழித்ததும் எடுப்பது. வீட்டில் இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதால் கப்பலிலும் அதே பழக்கம் தொடர்கிறது.

லித்தியம் அயான் மின்கலத்துக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இடையில் இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். கீழே விழுந்து அடிபட்டாலோ, தயாரிக்கும்போது உலோகத் துகள் ஒன்று உள்ளே சிக்கியிருந்தாலோ, மின்னேற்றம் அளவு மீறினாலோ அந்தப் படலம் ஓரிடத்தில் கிழியக்கூடும். அங்கே உண்டாகும் சூடு அடுத்த வேதிவினையைத் தூண்டுகிறது; அது இன்னும் சூட்டைக் கிளப்புகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் அது நிற்காது. நேர்முனைப் பொருள் சிதையும்போது ஆக்ஸிஜனும் வெளிப்படுவதால், காற்றை அடைத்து அணைக்கும் வழக்கமான உத்தி இங்கே அரைகுறையாகவே பலிக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைப்பதுதான் வழி. அணைந்தது போலத் தோன்றி மறுபடி எரிவதும் உண்டு. வீட்டில் இது நடந்தால் கதவைத் திறந்து தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் தெரு இல்லை.

2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற முக்குளிப்புச் சுற்றுலாப் படகு எரிந்தது. கீழ்த்தளப் படுக்கையறையில் தூங்கிய 33 பயணிகளும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள்; மேலே படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் தப்பினார்கள். கீழே இருந்து வெளியேறும் இரு வழிகளும் எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில்தான் போய்த் திறந்தன. பயணிகள் தங்கள் கைபேசி, கேமரா, விளக்கு ஆகியவற்றின் மின்கலங்களுக்கு இரவில் சார்ஜ் போட்டு வைத்திருந்ததும் அந்தக் கூடத்தில்தான். படகு எரிந்து மூழ்கிவிட்டதால் தீ எதனால் மூண்டது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே மின்கலம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வது நேர்மையாகாது. அதே நிறுவனத்தின் இன்னொரு படகான 'விஷனில்', அதற்கு முந்தைய ஆண்டு, கூடத்தில் சார்ஜில் இருந்த லித்தியம் மின்கலம் ஒன்று தீப்பிடித்திருந்தது. அங்கே அது ஒருவர் கண்ணில் பட்டது, அதோடு முடிந்தது. கன்செப்ஷனில் கண்ணில் படுவதற்கு யாரும் விழித்திருக்கவில்லை. இரவு முழுக்க ஒருவர் சுற்றிவர வேண்டும் என்ற விதி மீறப்பட்டதைத்தான் வாரியம் முக்கியக் குறையாகச் சுட்டியது. படகின் தலைவர் மீது வழக்கு நடந்து அவர் சிறைத் தண்டனையும் பெற்றார். தீயின் காரணம் தெரியாவிட்டாலும் நமக்கு வேண்டிய சாட்சியம் இதில் இருக்கிறது. சிறு தீ பெருந்தீயாவதும் ஆகாததும் அந்த முதல் சில நிமிடங்களில் ஒருவர் அருகில் விழித்திருந்தாரா என்பதைப் பொறுத்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அது ஆகாயத்திலிருந்து வருகிறது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பற்றி எரிந்தது, எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். பவர்பேங்குக்குள் மின்காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அந்த பவர்பேங்க் சார்ஜில் இல்லை. தலைக்கு மேலுள்ள பெட்டியில் சும்மா கிடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று தில்லியிலிருந்து திமாப்பூர் கிளம்பிய இண்டிகோ விமானத்தில், இருக்கையின் பின்பையில் வைத்திருந்த பவர்பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் நொடியில் அணைத்துவிட்டார்கள். சும்மா கிடந்தாலும் எரியும் என்றால் 'இரவில் சார்ஜ் போடாதே' என்ற வாதம் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். என் கணக்கில் இரண்டு சம்பவமும் அந்த வாதத்தைப் பெரிதாக்குகின்றனவே தவிர உடைக்கவில்லை. எட்டாத பெட்டியில் கிடந்தது விமானத்தையே எரித்ததாகத் தெரிகிறது. கைக்கெட்டும் பையில் இருந்தது சில நொடிகளில் அடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்கைப் பயன்படுத்தவோ அதற்குச் சார்ஜ் போடவோ தடை விதித்தன. இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் அதே பாதையில், பறக்கும்போது சார்ஜ் கூடாது, தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கவும் கூடாது என்கிறது. பார்வையில் இருக்கட்டும், சும்மா இருக்கட்டும் என்பதே இந்த விதிகளின் சாரம். சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலேறுகிறவர்களுக்கு இந்த ஒழுக்கம் விமானத்திலேயே தொடங்கிவிடுகிறது. கப்பலிலும் அதே ஒழுக்கம் பொருந்தும்: துறைமுகத்தில் சுமையாளரிடம் ஒப்படைக்கும் பெட்டியில் பவர்பேங்க் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கைபேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பது அதே லித்தியம்தானே, பவர்பேங்கை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்? நியாயமான கேள்விதான். கைபேசி நாள் முழுக்கக் கையில் இருக்கிறது. கொஞ்சம் சூடானாலும் கைக்குத் தெரிந்துவிடும். பவர்பேங்க் பைக்குள் சாவிக்கொத்தோடு உருளும், மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீங்கினாலும் கண்ணில் படுவதில்லை. பேருந்து நிலையத்துக் கடையில் பெயர் தெரியாத ஒன்றை முந்நூறு ரூபாய்க்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பவர்பேங்க், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். மேலே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்தப் பதிவு எண் உண்மையா என்று பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். தும்பாவில் செய்யும் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் ஒன்றுமே இல்லாததற்கும் இதற்கும் நிறைய தூரம்.

எவ்வளவு பெரிது வேண்டும் என்பதிலும் நம் ஆசை தேவையை மிஞ்சுகிறது. 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் அவர். மாற்றத்தில் வீணாவது போக ஏறக்குறைய 30 வாட் அவர் கைபேசிக்குப் போய்ச் சேரும். 5,000 எம்ஏஎச் கைபேசிக்கு இது ஒன்றரை முறை. 20,000 என்றால் மூன்று முறை. விமானங்கள் பொதுவாகத் தடையில்லாமல் அனுமதிக்கும் 100 வாட் அவர் எல்லை 27,000 எம்ஏஎச்சில் வந்துவிடும். கேபினில் பிளக் பாயிண்ட் இருக்கும் கப்பலில், கரையிறங்கிச் சுற்றும் நாளைத் தவிர, எதற்கு மூன்று முறை? கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் டவர் போய்விடும். அதைத் தேடித் தேடியே கைபேசி பேட்டரியைத் தின்றுவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டால் அந்தத் தின்னல் நிற்கும். கப்பலின் செயற்கைக்கோள் டவரில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு ரோமிங் பில் ஏறுவதும் நிற்கும். குடும்பத்துக்கு 10,000-இல் ஒன்று தாராளம்.

அப்படியானால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில் கொச்சி–லட்சத்தீவு வழித்தடத்தில் ஓடும் எம்.வி. கவரத்தி கப்பலின் இயந்திர அறையில், ஆந்த்ரோத் தீவருகே தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. ஆனால் மின்சாரம் போய், கப்பல் அசைவற்று மிதந்தது. இயந்திரம் நின்றால் கப்பலின் பெரும்பாலான பிளக் பாயிண்ட்களும் செத்துப்போகும். அந்த இருட்டில் கைபேசியின் டார்ச்சுக்கு உயிர் கொடுக்க ஏற்கனவே நிரம்பிய பவர்பேங்க் கைப்பையில் இருப்பது நல்லது. ஊரிலேயே நிரப்பிக்கொண்டு வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கப்பலில் அதற்குச் சார்ஜ் போட வேண்டிய அவசியமே அனேகமாக வராது.

பிளக் பாயிண்ட் பற்றாக்குறை என்பதும் உண்மையே. கொச்சியைத் தொட்டுப் போகும் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990-இல் கட்டப்பட்டது, டெக்னோபார்க் தொடங்கிய அதே ஆண்டில். முகச்சவர இயந்திரமும் முடி உலர்த்தியும் மாட்டினால் போதும் என்று நினைத்த காலத்துக் கப்பல்களில் ஆளுக்கொரு கைபேசிக்கு இடமிருக்காது. உடனே நம்மவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நினைவுக்கு வரும். அதைக் கொண்டுபோகவே கூடாது, குறிப்பாக மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் 'சர்ஜ் புரொடெக்டர்' உள்ளதை. பல கப்பல்களில் மின்சுற்று வீட்டைப் போல நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்தது அல்ல. இரண்டு கம்பிகளுக்கும் கப்பலின் உலோக உடலுக்கும் இடையே மின்னழுத்தம் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் மின்கசிவு ஏற்பட்டால், நம்மைக் காக்க வைத்த அந்தத் தடுப்பானே சூடேறி எரியக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் எச்சரித்தது. ராயல் கரீபியன் 2024-இல் எக்ஸ்டென்ஷன் வகைகளைத் தடை செய்தது. லித்தியம் மின்கலத்தில் ஓடும் ஹோவர்போர்டைக் கப்பல்கள் 2015-இலேயே வெளியே நிறுத்திவிட்டன. பெரிய மின்கலத்தைப் பற்றிய அச்சம் அவர்களுக்குப் புதிதல்ல.

தீயைக் கவனிப்பது கப்பல்காரர்களின் வேலை, டிக்கெட் வாங்கிய எங்களுடையது அல்ல என்ற கோபமும் எழும். கேபினில் புகை உணரியும் தண்ணீர் தெளிப்பானும் வைப்பது அவர்கள் கடமை, வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் தலையணைக்கு அடியில் இருக்கும் பவர்பேங்க் புகையத் தொடங்கியதும் அதை முதலில் மூச்சில் வாங்குவது உணரியல்ல, படுத்திருப்பவர்தான். அதனால் பகலில், கேபினில் ஒருவர் விழித்திருக்கும்போது, மெத்தையும் போர்வையும் தொடாத மேசையின் மேல் சார்ஜ் போடுங்கள். கடற்காற்றில் ஈரமான துளையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நீச்சல்குளத்தருகே வெயிலில் வைக்காதீர்கள். வீங்கினதையும், கீழே விழுந்து நசுங்கினதையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். புகை கண்டால் அள்ளிக்கொண்டு ஓடவோ கடலில் வீசப் பார்க்கவோ வேண்டாம்: எல்லோரையும் வெளியேற்றி, கதவை மூடிவிட்டு, அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். கேபின் கதவுகள் தீயைச் சிறிது நேரமாவது தடுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டவை.

நிறுவனங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லை. வரவேற்பு மேசையருகே, ஊழியர் இரவு முழுக்க இருக்கும் இடத்தில், ஒரு சார்ஜ் அலமாரி வைக்கலாம். பலர் ஒரே கூடத்தில் படுக்கும் லட்சத்தீவுக் கப்பல்களின் பங்க் வகுப்புக்கு இது இன்னும் அவசரம். பயணச்சீட்டு வாங்கும்போது வரும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மது, கத்தி, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பவர்பேங்குக்கு எங்கே, எப்போது சார்ஜ் போடலாம் என்று. அந்த வரி இல்லாத கப்பலில் ஏறினால், அறைச் சாவி வாங்கும் மேசையிலேயே அதைக் கேட்டுவிடலாம்.