கதை விளையாட்டை மதிப்பிடுதல்

நூலைக் கற்று முடித்தபின் அதனை மதிப்பிடுதற்கு நம் ஆன்றோர் அளவைகள் பல வகுத்துள்ளனர்; நாடகத்திற்கும் அவை உள. ஆயின், காண்போனே கதைமாந்தனாய் நின்று நடத்தும் வீடியோ விளையாட்டிற்கு அளவுகோல் யாது? படத்தின் பொலிவையும், இசையின் இனிமையையும், ஆட்டத்தின் நீளத்தையும் எண்ணி மதிப்பெண் இடுவோர் பலர். இவை வேண்டற்பாலனவே, எனினும் இவை மட்டும் போதா என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

அமெரிக்க நாட்டு ‘நாட்டி டாக்’ நிறுவனத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டது ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் விளையாட்டு. கார்டிசெப்ஸ் என்னும் பூஞ்சணம் மாந்தரின் மூளையைப் பற்றி அவரைக் கொடியராக்க, உலகம் சீர்குலைகின்றது. அக்குழப்பத்தின் முதலிரவிலேயே தன் மகளை இழந்தவன் ஜோயல். இருபதாண்டு கழிந்தபின், எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியைப் பாஸ்டன் நகரினின்று வெளியே கொண்டுசெல்லும் பணி அவனுக்கு வாய்க்கின்றது. நோயுற்றோர் கடித்தும் நோய் வளராத உடல் அவளுடையது. நெடுவழியில் இருவரும் தந்தையும் மகளும் போலாகின்றனர்.

சால்ட் லேக் நகரத்து மருத்துவமனையிற் கதை முதிர்கின்றது. தடுப்பு மருந்து காண வேண்டின் எல்லியின் மூளையை அறுத்தல் வேண்டும். அறுப்பின் அவள் பிழையாள். இதனை அறிந்த ஜோயல், காவலரைக் கொன்று உட்புகுகின்றான். ‘புகுகின்றான்’ என்றோம்; அவனை இயக்குவது நம் விரலன்றோ? கத்தி ஏந்தி மறிக்கும் மருத்துவரைக் கொல்லாமல் ஆட்டம் மேற்செல்லாது. யான் விசையை அழுத்தாது நெடுநேரம் நின்றேன், பின்னர் அழுத்தினேன். அருகிருந்த செவிலியர் இருவரைத் தீண்டாது விடும் உரிமை ஒன்றே எனக்கு எஞ்சியிருந்தது.

இறுதிப் பகுதியில் நாம் எல்லியாக நடக்கின்றோம். நிகழ்ந்தது யாதென அவள் வினவ, ஜோயல் பொய்யை ஆணையிட்டு உரைக்கின்றான். கொலை செய்த நாமே இப்பொழுது வஞ்சிக்கப்பட்டவளாய் நின்று அப்பொய்யைக் கேட்கின்றோம்! நூலோ நாடகமோ இதனை இவ்வாறு செய்தல் அரிது. இக்கதையே 2023-ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதனைக் கண்டோர் ஜோயலை நடுவராயிருந்து ஆராய்ந்தனர். ஆடினோர் தம்மையும் ஆராய வேண்டியவராயினர்.

வேறு வழி தராமையின் பழி ஆடுவோனைச் சாராது என்பர் சிலர். வழி தந்திருப்பின், நல்லதையே தேர்ந்து, நம்மை நாமே மெச்சிக்கொண்டு எழுந்திருப்போம். அன்பு எத்துணைக் கொடுமைக்கும் துணிய வல்லது என்பதை நம் கையால் உணர்ந்திரோம். குறையும் இல்லாமல் இல்லை. வழிநெடுகப் பலரை எண்ணமின்றிக் கொல்லுவித்த ஆட்டம், இறுதியில் ஒருவர்க்காக மட்டும் நம்மை நடுங்குவித்தல் முரணே. எனினும் அம்முரணை உணரச் செய்ததும் அம்முடிவேயாம்.

ஆதலின் கதை விளையாட்டை முடித்தோர், ‘எத்துணை அழகு கண்டேன்?’ என்பதோடு அமையாது, ‘என்ன செய்தேன்? அதற்கு உடன்பட்டேனா?’ என்றும் வினவுக. அவ்வினா மறுநாளும் நெஞ்சை விட்டு அகலாதாயின், அவ்விளையாட்டு நல்ல நூலோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கதே.