மூலம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன்

மலத்தில் இரத்தம் தென்பட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "உடம்புச் சூடு, மூலமாக இருக்கும்" என்பதுதான். மோர் குடித்தே மாதங்கள் ஓடிவிடும். பலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டுவது உண்டு. பரிசோதிக்காமல் எது என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாத இரத்தசோகையும், வாரக்கணக்கில் மாறிப்போன மலங்கழிக்கும் பழக்கமும் அப்படியே.

அறிகுறிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை என்பதே இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்னும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவு பிடிக்கிறது. அந்த இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்தால், கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வழியாகப் பாலிப்பைக் கண்டு, பெரும்பாலும் அப்போதே கம்பி வளையத்தால் வெட்டி எடுத்துவிடலாம். புற்று உருவாகும் முன்பே தடுத்துவிடுகிறோம். சிரமமெல்லாம் முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதில்தான். சோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். எதுவும் இல்லையென்றால், குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இல்லாதவருக்கு அடுத்த சோதனை பத்தாண்டு கழித்துப் போதும்.

அதற்குத் தயங்குவோருக்குக் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் மலப் பரிசோதனை உண்டு. ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோபியைத் தவிர்க்கக் கூடாது. ஜப்பான் 1992 முதல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இதைச் செய்துவருகிறது. இளையோரிடம் நோய் கூடுவதால் அமெரிக்கா 2021இல் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இந்நோயால் இறந்தபோது வயது 43.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 45 என்றால் பிள்ளைக்கு 35.

உணவிலும் நம் கையில் சில உண்டு. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூறியது. புகை, மது, உடற்பருமன், அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். முழுதானியம், பயறு, கீரையின் நார்ச்சத்து அதைக் குறைக்கும். ஆனால் கீரை உண்பவருக்கும் பாலிப் வரும். சோதனையை அது ஈடுசெய்யாது.

பாலிப் எடுக்கப்பட்டவர்கள் கூச்சப்படாமல் அந்த அறிக்கையை உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். எந்த வயதில் சோதனையைத் தொடங்குவது என்று அவர்களின் மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.