இரைப்பையைத் தட்டி எழுப்பும் மருந்து!

"ஏனுங்க சிஸ்டர்! நேத்துல இருந்து எங்கய்யனுக்கு ஆகாரமே குடுக்கலீங்களாமா?"

"குடுத்தோமுங்க. வயிறு வாங்க மாட்டேங்குதுங்க."

கோவை ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இப்படி ஒரு பேச்சு எப்போதும் நடந்து கொண்டிருக்கும். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி என்று பல ஊர்களில் இருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் அங்கே இரவு பகலாகக் காத்துக் கிடப்பார்கள்.

வீட்டுக்கு வந்தவரைச் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் அனுப்பாத சீமை இது. பெற்ற தகப்பன் உள்ளே பட்டினி கிடக்கிறார் என்றால் மனம் பொறுக்குமா?

மூக்கு வழியே சாப்பாடு

நினைவு தப்பியவரும், மூச்சுக் கருவி பொருத்தப்பட்டவரும் வாயால் சாப்பிட முடியாது. அவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, பால் போன்ற சத்து ஆகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறார்கள்.

இதற்கு 'ரைல்ஸ் டியூப்' என்று பெயர். ஜான் ரைல் என்ற இங்கிலாந்து டாக்டர் 1921-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்த குழாய் இது.

ரத்தக் குழாய் வழியாகவும் சத்து ஏற்றலாம். ஆனால் செலவு அதிகம். கிருமி தொற்றும் பயமும் உண்டு. அதனால், முடிந்தவரை வயிற்றின் வழியே கொடுக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

மில் நின்றது!

இரைப்பை ஒரு மில் மாதிரி. சாப்பாட்டை அரைத்து, குடலுக்குத் தள்ள வேண்டியது அதன் வேலை. நோய் முற்றும்போது அந்த மில் படுத்துவிடுகிறது!

நோயின் கடுமை ஒரு காரணம். வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகளும் இரைப்பையைத் தூங்க வைக்கும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்துகள், ஏறிய சர்க்கரை, தலைக் காயம் எல்லாமே சேர்ந்து கொள்ளும்.

உள்ளே போன ஆகாரம் அப்படியே தேங்கும். வயிறு உப்பும். வாந்தி வரும். அந்த வாந்தி மூச்சுக் குழாயில் இறங்கிவிட்டால் நிமோனியா! ஏற்கெனவே தவிக்கிற உயிருக்கு இது பேராபத்து.

நர்சு சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பார். முன்பெல்லாம் 200 மில்லி தேங்கினாலே ஆகாரத்தை நிறுத்தியவர்கள் உண்டு. இப்போது அவ்வளவு அவசரம் இல்லை. 6 மணி நேரத்தில் 500 மில்லிக்கு மேல் தேங்கினால்தான் கொடுப்பதைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். மருந்தையும் தொடங்குகிறார்கள்.

பிலிப்பைன்ஸ் மண்ணில் பிறந்தது

அந்த மருந்தின் கதை விசித்திரமானது!

1949-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில், இலோயிலோ என்ற இடத்து மண்ணை, அகிலார் என்ற டாக்டர் அமெரிக்க மருந்துக் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிடம் இருந்து கிடைத்ததுதான் 'எரித்ரோமைசின்'. 1952-ல் கிருமிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது.

மருந்து நல்ல மருந்து. ஆனால் சாப்பிட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக் கொண்டார்கள். வயிறு முறுக்கியது. பேதி வேறு!

ஏன் முறுக்குகிறது? 1980-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் துப்புத் துலக்கினார்கள். பசி வேளையில் நம் வயிறு 'கடமுடா' என்கிறது அல்லவா? அப்போது இரைப்பையை ஓட வைப்பது 'மோட்டிலின்' என்ற சுரப்பு. எரித்ரோமைசின் அதைப் போலவே நடித்து, இரைப்பையை ஏமாற்றுகிறது!

தொல்லையே மருந்தானது. 1990-ல் பெல்ஜியம் டாக்டர்கள், நீரிழிவால் இரைப்பை தளர்ந்தவர்களுக்கு இதை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். தேங்கிய சாப்பாடு மளமளவென்று இறங்கியது. பிறகு தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கும் இது வந்தது.

கிருமியைக் கொல்ல வேண்டிய அளவு இதற்குத் தேவை இல்லை. ஒரு வேளைக்கு 100 முதல் 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவ்வளவுதான்.

மூன்று நாள் மவுசு

ஆனால் இரைப்பை நெடுநாள் ஏமாறாது! மூன்று நாளில் மருந்தின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் நீட்டுவதில் பயன் சொற்பம்.

நாம் 'வாந்தி ஊசி' என்று சொல்லும் மெட்டோகுளோப்ரமைடும் இரைப்பையைத் தள்ளிவிடும். தனியாகக் கொடுத்தால் எரித்ரோமைசின் அளவுக்கு வேகம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2007-ல் கண்டார்கள்.

எரித்ரோமைசின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக் கூடும். அதனால் இ.சி.ஜி. பார்க்க வேண்டும். வாந்தி ஊசி சிலருக்குக் கை, கழுத்தை இழுக்கச் செய்யும். மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்கிற சமாசாரம் அல்ல இது.

இந்த மருந்துகள் ஆகாரத்தை இறக்குகின்றன. உயிரையும் காக்கின்றனவா என்றால், அதற்கு உறுதியான அத்தாட்சி இல்லை. மருந்துக்கும் மசியாத இரைப்பையைத் தாண்டி, குழாயைச் சிறுகுடல் வரைக்கும் விடுவதும் உண்டு.

தூக்குப்போசியில் கஞ்சி

"ஒரு வாய் கஞ்சி குடுத்தா எந்திரிச்சுக்குவாருங்க" என்று வீட்டில் இருந்து தூக்குப்போசியில் கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாசம்தான். ஆனால் விழுங்கத் தெரியாத நிலையில் உள்ளவர் வாயில் விடும் அந்த ஒரு வாய், நுரையீரலுக்குப் போகும். கஞ்சியை வாசலில் காத்திருப்பவர் குடிக்கட்டும். அவருக்கும் தெம்பு வேண்டுமே!

"இன்னிக்கு எவ்வளவுங்க தேங்குச்சு?" என்று நர்சைக் கேட்கலாம். தேங்கியது குறைந்து, வயிறு மெத்தென்று இருந்தால், மறுபடி குழாயைத் திறப்பார்கள்.

தொடக்கம் மணிக்கு 20 மில்லிதான். அதாவது, நாலு தேக்கரண்டி.