ஃபார்மட் அடித்த பிறகும் லேப்டாப் இழுக்கிறதா?

நமதூர்ப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது புது லேப்டாப் அல்ல. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்ததாக இருக்கும். சவூதியிலிருந்து மாமா வரும்போது கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் சிங்கப்பூரில் இருக்கும் சாச்சா தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அனுப்பிவைத்திருப்பார். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த முதல் சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்களை இன்றும் திருக்கடையூரிலும் ஆக்கூரிலும் பொறையாரிலும் தம்பி, தங்கைகள் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லூரி சேர்க்கை, உதவித்தொகை விண்ணப்பம் என்று வேலை வரும்போதுதான் அது படுத்துவிடுகிறது. கடையில் கொடுத்தால், "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டாச் சரியாயிடும்" என்கிறார்கள். காசு கொடுத்துப் போடுகிறோம். இரண்டு நாள் நன்றாக ஓடுவதுபோல் இருக்கிறது, பிறகு பழைய கதைதான். சிலருக்கு அந்த இரண்டு நாளும் கிடையாது. கடைசியில் "இது செத்துப்போச்சு, புதுசு வாங்கிக் குடுங்க" என்று அத்தாவிடம் பிள்ளை நிற்கிறது. அத்தாவோ நமது அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். புதிது வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை, கம்ப்யூட்டர் படிக்காத பெற்றோரும் புரிந்துகொள்ளும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில், ஃபார்மட் எதைச் சரிசெய்யும் என்று தெரிந்துகொள்வோம். பல வருடமாகச் சேர்ந்த குப்பை மென்பொருள், வைரஸ், குழம்பிப்போன விண்டோஸ் ஆகியவற்றை அது துடைத்துவிடும். அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருந்தாலோ, ரேம் போதாமல் இருந்தாலோ, உள்ளே ஃபேன் அடைத்திருந்தாலோ எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது வயலைத் திரும்பத் திரும்ப உழுது என்ன பயன்? ஆகவே ஃபார்மட்டுக்குப் பிறகும் மெதுவாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் பொருளில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புதிதாக விண்டோஸ் போட்டதும் அது பின்னால் இருந்துகொண்டு அப்டேட்களை இறக்கும், வைரஸ் சோதனை நடத்தும், ஃபைல்களுக்கு அட்டவணை போடும். பழைய லேப்டாப்பில் இந்த வேலை ஒரு நாள்கூடப் பிடிக்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் அத்தாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் இணையம். நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒன்றரை, இரண்டு ஜிபி தீர்ந்ததும் அப்டேட் பாதியில் நிற்கும், மறுநாள் அங்கிருந்து தொடரும். இப்படி ஒரு வாரம் இழுக்கும். எனவே ஃபார்மட் போட்ட உடனே, வைஃபை உள்ள உறவினர் வீட்டில் ஓர் இரவு முழுக்க சார்ஜரில் போட்டு ஓடவிடுங்கள். அப்டேட் எல்லாம் முடிந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆன பிறகும் இழுத்தால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. லேப்டாப்பில் இருக்கும் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஸ்கேன்கள், புராஜெக்ட் ஃபைல்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். மெதுவாக ஓடும் ஹார்ட் டிஸ்க் பல சமயம் சாகப்போகும் ஹார்ட் டிஸ்க். அதன்மேல் சோதனை மேல் சோதனை ஓட்டினால் அந்தச் சோதனையிலேயே போய்விடும். டிஸ்கில் கெட்ட இடங்களைத் தேடிச் சரிசெய்ய 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். நகல் எடுக்காமல் அதை ஓட்ட வேண்டாம்.

இனி கோளாறு எங்கே என்று பார்ப்போம். லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று வரிகள் இருக்கும். எது நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் பேசவும் இந்த ஒரு பார்வை போதும்.

பழைய லேப்டாப்களில் அடிக்கடி பிடிபடுவது டிஸ்க்தான். நூறு சதவீதம் என்று காட்டும், ஆனால் பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒன்று, இரண்டு எம்பிதான் நகரும். ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தகடு. லேப்டாப்களில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு முள் தகட்டின்மேல் அங்குமிங்கும் ஓடித்தான் ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். இப்படி நொடிக்குச் சுமார் நூறு இடங்களைத்தான் அதனால் தொட முடியும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் கேட்பதோ அதைவிடப் பல மடங்கு. இது டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போது. தகட்டில் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தால், முள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த நேரம் முழுக்கத் திரை உறைந்து நிற்கும். விண்டோஸ் போடும்போது செய்யும் ஃபார்மட் கெட்ட இடங்களைக் குணப்படுத்துவதில்லை. பெயர்ப்பட்டியலை அழித்துப் புதிதாக எழுதுகிறது, அவ்வளவே. புது விண்டோஸ் அதே கெட்ட தகட்டில்தான் போய் உட்காருகிறது.

டிஸ்க் கெட்டுவிட்டதா, இயல்பாகவே மெதுவானதா என்று அறிய 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பை அது படித்துக் காட்டும். 'குட்' என்று நீலத்தில் வந்தால் இப்போதைக்குப் பயமில்லை. 'காஷன்' என்று மஞ்சளில் வந்தால், 'ரீஅலோகேட்டட்', 'பென்டிங்' என்ற சொற்கள் உள்ள வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருக்கும். கெட்ட இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த டிஸ்கை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

இரண்டு நிலைக்கும் மருந்து ஒன்றுதான்: எஸ்எஸ்டி. அதில் சுழலும் தகடு கிடையாது, பென்டிரைவ்போலச் சில்லுகள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். 240 அல்லது 256 ஜிபி ஒரு மாணவருக்குத் தாராளம். புது லேப்டாப் விலையில் இது சிறு பங்கு. பத்து வருடப் பழைய லேப்டாப்பில்கூட வித்தியாசம் முதல் முறை ஆன் செய்யும்போதே தெரியும். எங்களிடம் கேட்டால், ஃபார்மட்டுக்கு இரண்டாவது முறை காசு கொடுப்பதற்குப் பதில் அதை இதில் போடுங்கள் என்றுதான் சொல்வோம்.

மெமரி வரி எப்போதும் எண்பது, தொண்ணூறில் நின்றால் ரேம் போதவில்லை. அரசு லேப்டாப்களில் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபிதான். இன்று பிரவுசரில் நான்கு பக்கம் திறப்பதற்கே அது காணாது. வாங்கும் முன் உங்கள் லேப்டாப் கேட்பது டிடிஆர்3யா, டிடிஆர்3எல்லா, டிடிஆர்4ஆ என்று பார்க்க வேண்டும். ஒன்று மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம். உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 8 ஜிபி ரேம் இருந்தும் அதில் பாதிக்கும் குறைவாகவே பயன்படுவதாகக் காட்டினால், கடையில் 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பார்கள். அதனால் நான்கு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. 64 பிட் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு ரேம் இருந்து ஒன்றை மட்டும் காட்டினால், கழற்றித் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பார்க்கலாம். தரங்கம்பாடிப் பக்கம் அடிக்கும் உப்புக்காற்று இந்த முனைகளைச் சும்மா விடுவதில்லை.

சிபியு நூறில் நின்றால் காரணம் பலவாக இருக்கலாம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, சூடானதும் இழுத்தால் ஃபேனைப் பாருங்கள். தை, மாசியில் கதிரறுக்கும் மெஷின் ஓடும்போது எழும் தூசும் வைக்கோல் சுணையும் வீட்டுக்குள் வரை வருகிறது. மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினால் பஞ்சும் சேரும். உள்ளே சூடு ஏறினால் புராசஸர் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திறந்து துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகும். சூடே இல்லாமல், வேகம் மட்டும் 0.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். வேறு கம்பெனி சார்ஜரை அடையாளம் தெரியாத சில லேப்டாப்கள் வேகத்தைப் பூட்டிவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் திரைக்கான டிரைவர் போடப்படவில்லை. வீடியோ திக்கித் திக்கி ஓடும், பக்கத்தை நகர்த்தினாலே சிபியு ஏறும். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடையில் போட்டது உண்மையிலேயே சுத்தமான விண்டோஸ்தானா? லைசன்ஸ் இல்லாத விண்டோஸைத் திறக்க 'ஆக்டிவேட்டர்' என்று ஒன்றை ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது ஓட்டியவருக்கே தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரை வைத்து ரகசியமாக வேறு யாருக்கோ காசு சம்பாதித்துத் தரும் மென்பொருள்கூட அப்படி நுழைகிறது. அந்த லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கும் உதவித்தொகைக் கணக்கும் திறக்கிறோம். பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் லைசன்ஸ் ஏற்கெனவே இருக்கும், ஆக்டிவேட்டர் தேவையே இல்லை.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புராசஸரும் வேண்டும். நம்மிடம் இருக்கும் பழையவை பலவற்றில் இவை கிடையாது. அவற்றுக்கு லினக்ஸ் நல்ல வழி. தொடக்க கால அரசு லேப்டாப்களில் விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். குறைந்த ரேமுக்கு 'லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ' இலகுவாக ஓடும். பிரவுசர், கடிதம், கணக்குத்தாள், தமிழ் டைப்பிங் எல்லாம் அதில் உண்டு, காசும் கிடையாது. ஆனால் டேலி, ஆட்டோகேட் படிக்கும் பிள்ளைகளுக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது.

எல்லா லேப்டாப்பையும் பிழைக்கவைக்க முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. 32 ஜிபி சேமிப்பு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மலிவு விலை மினி லேப்டாப்களில் எஸ்எஸ்டி மாற்ற பெரும்பாலும் இடமிருக்காது, ரேமும் ஏற்ற முடியாது. மதர்போர்டு கோளாறு என்றால் செலவு கட்டாது. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் விண்ணப்பத்துடன் டாஸ்க் மேனேஜர் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து இணைத்துத் தாருங்கள். எஸ்எஸ்டியும் ரேமும் போதும் என்றால் அதற்கு உதவுவது எங்களுக்கு எளிது. ஒரு புது லேப்டாப்பின் விலையில் பல பிள்ளைகளின் லேப்டாப்கள் ஓடத் தொடங்கிவிடும்.

டிஸ்கை மாற்றும்போது பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஃபார்மட் அடித்த டிஸ்கிலிருந்தும் படங்களை மீட்டெடுக்க முடியும். அதில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களும் ஆதார் நகல்களும் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, நகல் வைக்கும் டிஸ்காகப் பயன்படுத்தலாம். கெட்டதாக இருந்தால் சுத்தியலால் தகட்டை உடைத்துவிட்டுப் போடுங்கள்.